முயலும் விமானம் ஏறலாம்... ஆனால்!

"டாக்டர், ஜூன் மாசம் நாங்க குடும்பத்தோட அமெரிக்கா போறோம். அவருக்கு அங்கே வேலை மாற்றல். வீட்டுல ஒரு முயல் இருக்கு. அதையும் கூட்டிட்டுப் போகலாமா?"

போன வாரம் என் க்ளினிக்குக்கு வந்த ஒரு அம்மா இப்படிக் கேட்டார். வந்ததென்னவோ மூட்டு வலிக்கு! சித்த வைத்தியரிடம் போய் முயலைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும். என் மேஜை மேல் ஒரு போட்டோ இருக்கிறது. ஏழு வயதுப் பேத்தி, அவள் மடியில் வெள்ளை வெளேரென்று ஒரு முயல். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

அந்த முயலின் பெயர் பஞ்சு. விமானத்தில் அதன் பக்கத்து சீட்டில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தவன் நான். அந்தப் பயணத்தில் அதன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தவனும் நான்தான். வெட்கத்தைவிட்டு அந்தக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு முயல் இருந்தால், என் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

நம் ஊரில் முயல் என்றாலே பல பேருக்குக் கறியும், பொருட்காட்சிக் கடையில் விற்கும் முயல் ரத்தத் தைலமும்தான் ஞாபகம் வரும். (அந்தத் தைலத்தால் வழுக்கையில் முடி முளைக்குமா என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார். அதைத் தனியாக ஒரு நாள் பேசுவோம்.) இப்போது நகரத்து அடுக்குமாடி வீடுகளில் நாய்க்கு இடமில்லை, சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால், குழந்தைகளுக்கு முயல் வாங்கிக் கொடுக்கிறார்கள். குரைக்காது, கடிப்பது அபூர்வம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு வருடம், பத்து வருடம்கூட இருக்கும். அதாவது, அப்பாவின் வேலை மாற்றல், வீடு மாற்றல் எல்லாவற்றையும் அதுவும் நம்மோடு சேர்ந்து அனுபவிக்கும்!

லங்கணம் செய்த வினை

2023 அக்டோபர். மகள் வீட்டுக்காக நான் அமெரிக்கா போயிருந்த சமயம். மாப்பிள்ளைக்கு நியூஜெர்ஸியிலிருந்து சியாட்டிலுக்கு மாற்றல். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி. நம் கணக்கில் சொன்னால், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் போவதைவிட அதிக தூரம். அங்கே உள்நாட்டு விமானம் சிலவற்றில் நாய், பூனை மாதிரி முயலையும் பயணிகள் உட்காரும் இடத்திலேயே, முன் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோக விடுகிறார்கள். தனியாகக் கட்டணம் உண்டு.

மகள் எல்லாவற்றையும் பக்காவாகச் செய்திருந்தாள். இரண்டு மாதம் முன்பே பயணப் பெட்டியை வாங்கி, கதவைத் திறந்தபடி ஹாலில் வைத்துவிட்டாள். அதற்குள் புல்லைப் போட்டு வைப்பாள். முதலில் எட்டிப் பார்த்த பஞ்சு, பத்தாம் நாள் அதற்குள்ளேயே படுத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பெட்டியோடு காரில் பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று பழக்கினாள். மருத்துவரிடம் காட்டி, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட்டும் வாங்கியாகிவிட்டது.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி நான் என் வைத்திய மூளையைக் காட்டினேன். "நாளைக்கு வெறும் வயிறாப் போகட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல புல்லை எடுத்துடு. பெட்டியும் அசுத்தம் ஆகாது. லங்கணம் பரம ஔஷதம்!" என்றேன்.

மகள் லேசாகத் தயங்கினாள். "முயலைப் பட்டினி போடக்கூடாதுன்னு எங்கேயோ படிச்சேன்ப்பா" என்றாள். முப்பது வருட அனுபவம் இருக்கும் அப்பா சொல்கிறாரே என்று கடைசியில் எடுத்துவிட்டாள்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்கு விமானம். மேலே ஏறும்போது பேத்தி ஒரு கொத்து கொத்தமல்லித் தழையை நீட்டினாள். பஞ்சு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்! "பயம், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு என் காபியைக் குடித்தேன்.

சியாட்டில் போய், புது வீட்டுக்குள் நுழையும்போது அங்கே மதியம் பன்னிரண்டு. நியூஜெர்ஸி கணக்குப்படி மூன்று மணி. அதாவது முயல் சாப்பிட்டுப் பத்தொன்பது மணி நேரம். பெட்டியைத் திறந்தோம். ஒரு மூலையில் போய்க் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. புல்லும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"தாத்தா, பஞ்சு காலையிலேருந்து கக்காவே போகலை" என்றாள் பேத்தி. எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாததை அந்தக் குழந்தைதான் கவனித்திருக்கிறாள்.

அதன் வயிறு வேறு!

நமக்கு மந்தமாக இருந்தால் ஒரு வேளை பட்டினி கிடக்கிறோம். வயிறு ஓய்வெடுக்கிறது, பசி எடுக்கிறது, சரியாகிவிடுகிறது. நாய், பூனைக்கும் பயணத்துக்கு முன் குறைவாகக் கொடுப்பதுண்டு, வாந்தி எடுக்காமல் இருப்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது! அதன் இரைப்பையின் அமைப்பு அப்படி. உள்ளே போனது கீழ் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். அது நாள் முழுக்கப் புல்லைக் கொறிப்பதே இதற்காகத்தான். புல்லின் நார்தான் குடலைத் தள்ளிக்கொண்டு போகிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே புல்லை ஊற வைத்து, புளிக்க வைத்து, சத்தாக மாற்றுகின்றன. நம் வீட்டு இட்லி மாவுப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சத்து, மென்மையான உருண்டைகளாக வெளியே வரும். முயல் குனிந்து அதைத் தானே மறுபடி சாப்பிட்டுவிடும். அருவருப்பாக இருக்கிறதா? மாடு அசை போடுவதைப் போலத்தான் இதுவும். தடுத்துவிடாதீர்கள்.

சாப்பாடு நின்றால் என்ன ஆகும்? குடல் ஓட்டம் மந்தப்படும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும். கெட்ட நுண்ணுயிர்கள் பெருகி, வாயு சேர்ந்து வயிறு உப்பும். வலி வந்தால் முயல் இன்னும் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். பட்டினியில் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்த் தங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றுமே சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர கேஸ். 'நாளைக்குக் காலையில் பார்த்துக்கலாம்' என்று படுத்துவிட்டால், காலையில் முயல் இருக்காது.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன் நான். வாதம், வாயு, மந்தம் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவேன். மனித வயிற்றுக்குச் சொன்னதை முயல் வயிற்றுக்குச் சொன்னதுதான் என் தப்பு.

கை பரபரத்தது. ஓமத் தண்ணீர் வைக்கலாமா, பெருங்காயம் கொஞ்சம் உரசலாமா... நல்லவேளை, செய்யவில்லை. மகள் அதற்குள் போனில், முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்கே என்று விசாரித்துவிட்டாள். எல்லா கால்நடை மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் ஊரில் முயல் பார்க்கும் மருத்துவர் யார், ராத்திரியில் யார் இருப்பார்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது சாப்பிட்டது?" பதில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுத்து, குடலில் அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். வலிக்கு ஊசி போட்டார். நார்ச்சத்துப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத ஸிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக் காட்டினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் இப்படிக் கொடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை. பேத்தி பெட்டி பக்கத்திலேயே போர்வையைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். "பஞ்சு செத்துப் போயிடுமா தாத்தா?" என்று கேட்டாள். நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு நாலு புழுக்கை. மிளகு மாதிரி சின்னதாக, காய்ந்து போய். மாப்பிள்ளை டார்ச் அடித்து எண்ணினார். ஐந்தரைக்கு ஒரு புல் துண்டை எடுத்து மெல்ல ஆரம்பித்தது. வீட்டில் ஒரு பிரசவம் நல்லபடியாக ஆன மாதிரி இருந்தது போங்கள்!

சரி, எப்படிக் கொண்டுபோவது?

கிளம்பும் நிமிடம் வரை சாப்பாடு கொடுங்கள். விமானத்திலும் பெட்டிக்குள் புல் இருக்கட்டும். அமெரிக்காவில் இதற்கென்றே டிமோத்தி என்ற காய்ந்த புல் கிடைக்கிறது. நம் ஊரில் அறுகம்புல் இருக்கிறது, குதிரைமசால், வேலிமசால் இருக்கிறது. எது பழக்கமோ அதையே கொடுங்கள். பயணத்துக்கு முன் புதுத் தீவனம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். பிஸ்கட், பிரெட் கூடவே கூடாது. காரட்கூட இனிப்புப் பண்டம் மாதிரிதான், ஒரு துண்டோடு நிறுத்துங்கள். படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் முயலுக்குக் காரட்டாகவே போடுகிறார்கள்!

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. வெளியே முப்பத்தைந்தாயிரம் அடி உயரம் என்றாலும், உள்ளே காற்றழுத்தம் சுமார் எட்டாயிரம் அடி உயரத்தில், ஊட்டி தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே இருப்பது மாதிரி வைத்திருப்பார்கள். நமக்குக் காது அடைக்கிறதே, அதே கதைதான் முயலுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் எதையாவது மென்றுகொண்டிருந்தால் நல்லது. கழுவிய கொத்தமல்லி, புதினாவை ஈரத்தோடு கொடுத்தால் மென்ற மாதிரியும் ஆச்சு, தண்ணீர் போன மாதிரியும் ஆச்சு. ஒரு கிலோ எடையுள்ள முயல் நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு மில்லி வரை தண்ணீர் குடிக்கும். பயணத்தில் கிண்ணம் கவிழும், பாட்டில் ஒழுகும். ஈரத் தழைதான் கைகொடுக்கும்.

பெட்டியின் அடியில் உறிஞ்சும் துணி, அதன்மேல் புல். அதோடு, துவைக்காத ஒரு பழைய துண்டு! அதில் வீட்டு வாசனை இருக்கும். முயலுக்கு அதுதான் தைரியம்.

பாதுகாப்புச் சோதனைதான் கஷ்டமான கட்டம். அமெரிக்க விமான நிலையங்களில் பெட்டி மட்டும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். முயலை வெளியே எடுத்து, நாம் கையில் வைத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். அவ்வளவு சத்தம், அவ்வளவு கூட்டம். முயல் எகிறிக் குதித்தால் தொலைந்தது. முயலின் எலும்பு மிகவும் லேசானது, ஆனால் பின்னங்கால் தசைக்கு அபார பலம். பயத்தில் ஓங்கி உதைத்தால் அதன் முதுகெலும்பு அதன் பலத்தாலேயே முறிந்துவிடும். காதைப் பிடித்துத் தூக்குவது, அந்தரத்தில் தொங்கவிடுவது எதுவும் கூடாது. ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்புறத்தைத் தாங்கி, நம் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தனி அறையில் சோதனை செய்யுங்கள் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். மகள் அப்படித்தான் கேட்டாள். மாப்பிள்ளையின் ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பஞ்சு சமர்த்தாக இருந்தது.

தூக்க மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் குறையும், உடம்பு சூட்டைச் சமாளிக்கும் சக்தி போய்விடும். ஆகாயத்தில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? அதே மாதிரி, நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின், முயல் வாயில் போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து ஆளையே கொன்றுவிடும். சூரணம், லேகியம், கஷாயத்துக்கும் இதே விதிதான். இதை ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன்!

சரக்கு அறையில் போகலாமா?

பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களில் பயணிகளோடு உட்கார நாய், பூனைக்குத்தான் அனுமதி. முயல் என்றால் கீழே சரக்கு அறைதான். பிராணிகளை வைக்கும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் சரியாக வைத்திருப்பார்கள், உண்மைதான். ஆபத்து வானத்தில் இல்லை, தரையில்! வண்டியில் ஏற்றி, வெயிலில் நிறுத்தி, இறக்கி, இன்னொரு விமானத்துக்குக் காத்திருந்து... முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் அதற்குச் சரியாக வராது. மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி அது. பெரிய காதுகள்தான் அதன் ரேடியேட்டர். முப்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். சென்னையில் மே, ஜூன் மாதத்தில் விமான நிலையத் தார்த் தரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

2017 ஏப்ரலில் உலகம் முழுக்கச் செய்தியான விஷயம் ஒன்று. ஸைமன் என்ற பத்து மாத ராட்சத முயல், உலகிலேயே நீளமான முயல் என்று பெயர் வாங்கிய டேரியஸின் மகன். லண்டனிலிருந்து சிகாகோவுக்குச் சரக்கு அறையில் அனுப்பினார்கள். அங்கே அதைப் புது எஜமானரிடம் உயிரோடு ஒப்படைக்க முடியவில்லை. கிளம்பும்போது திடகாத்திரமாக இருந்த முயல் அது.

தட்டை மூக்கு ஜாதிக் குட்டை முயல், வயதான முயல், சினை முயல், பால்குடி மறக்காத குட்டி... இவற்றை நீண்ட பயணத்தில் அழைத்துப் போகும் யோசனையே வேண்டாம்.

ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு. 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாடுவதற்காக இருபத்துச் சொச்சம் முயல்களை விட்டார். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்துவிட்டன. சூடு கண்ட பூனை அந்த நாடு! இன்று நியூஸிலாந்திலிருந்து மட்டும்தான் வளர்ப்பு முயலை உள்ளே விடும். க்வீன்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டில் முயல் வளர்ப்பதே குற்றம். இங்கிலாந்துக்கு நம் நாட்டிலிருந்து கொண்டுபோனால், வெறிநாய்க்கடி நோய்ப் பயத்தால் நாலு மாதம் தனிமைக் காவல். நம் நாட்டை விட்டுக் கிளம்பவும் காகிதம் வேண்டும். மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கே சான்று வாங்க வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விமான நிறுவனத்திடமும், போகும் நாட்டின் தூதரகத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் போய் நின்றுகொண்டு கெஞ்சுவதில் பயனில்லை.

அந்த அம்மாவிடம் வருவோம். அவர் வீட்டு முயலுக்கு வயது எட்டு. பயணம் ஜூன் மாதம். வளைகுடாவில் இறங்கி இன்னொரு விமானம். வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டால் முப்பது மணி நேரம், அதுவும் சரக்கு அறையில்.

"எங்க வீட்டு முயலா இருந்தா நான் கூட்டிட்டுப் போக மாட்டேம்மா" என்றேன். "குளிர்ச்சியான இடத்துல, முயல் பழகின மனுஷங்க யாராவது இருக்காங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஏற்காட்டில் தங்கை இருக்கிறாளாம். தோட்டம் இருக்கிறது, அவளுக்கும் முயல் என்றால் பிரியம்தான். இப்போதே அங்கே கொண்டுபோய்விட்டு, ஒரு மாதம் கூட இருந்து பழக்கிவிட்டுப் போங்கள் என்றேன். ராத்திரி நேரத்தில் காரில், துண்டு, புல், கொத்தமல்லியோடு.

"பையன்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை டாக்டர். அவனுக்கு ஒன்பது வயசு" என்றார்.

மூட்டு வலித் தைலத்தை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வாங்க வந்தபோது கேட்டேன். இன்னும் சொல்லவில்லையாம்.